சத்தத்தைக் குறைத்துக் கேட்டவை

அண்மையில் ரசித்த படம், நூல், இசை பற்றி ஒரு கட்டுரை தாருங்கள் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். அன்றிரவே உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். இமாம் கஸ்ஸாலியின் இஹ்யா, அல்லாமா இக்பால், சீறாப்புராணம், நாகூர் ஹனிஃபா. படம் என்ற இடத்தில் 'நேரமின்மையால் அதிகம் பார்ப்பதில்லை' என்று எழுதினேன்.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் எடுத்து வாசித்தபோது எனக்கே வெட்கமாயிருந்தது. பட்டியலில் உள்ளவை யாவும் உயர்ந்தவைதாம். ஆனால் அண்மையில் நான் ரசித்தவை அவையல்ல. இஹ்யாவைத் திறந்து வருடங்களாகின்றன. சீறாவைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. முந்திய வாரம் நள்ளிரவு தாண்டும் வரை காதில் செருகியை மாட்டிக்கொண்டு ஒரு மலையாளப் படம் பார்த்துக் கண் கலங்கியவன் நான். அந்தப் படம் பட்டியலில் இல்லை.

அதைக் கிழித்துப்போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என்னிடம் எவரும் பொய் சொல்லும்படி கேட்கவில்லை. ஃபத்வா எதுவும் வரவில்லை. பேனையைக் கையிலெடுத்ததும் பொய் தானாக வந்தது. நான் பேச விரும்புவது இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான். இது என் ஒருவனுடைய பழக்கமல்ல என்பதைக் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை இதை வாசிக்கும் எவரும் மறுக்கமாட்டார்.

எங்கள் வீடுகளில் வழங்கும் ஒரு வசனம் உண்டு. "சத்தத்தக் குறடா மகன், ஆக்கள் வாறாங்க." றேடியோ காலத்தில் இருந்தது, டீவி காலத்தில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கவனியுங்கள், நிறுத்து என்று உம்மா ஒருநாளும் சொன்னதில்லை. குறை என்றுதான் சொன்னா. வந்தவர் போனபின் சத்தம் மீண்டும் கூடும். வந்தவரும் தன் வீட்டில் அப்படியே ஒரு சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் வந்திருப்பார். இரு தரப்புக்கும் இது தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் தேநீர் குடித்துப் பேசிப் பிரிவோம். இதை நாம் மார்க்கப் பேணுதல் என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

என் சண்டை பாட்டே கேட்காத மனிதரோடு அல்ல. உண்மையாகவே விலகி வாழ்பவர்களை நான் அறிவேன். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பாலான அறிஞர்கள் நரம்புக் கருவிகளையும் குழல் கருவிகளையும் தடுத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எதைக் கேட்கலாம், எந்த நிலையில் கூடாது என்று இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ஒரு தனிப் பகுதியே எழுதி, நிபந்தனைகளோடு அனுமதிக்கிறார். ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் தடைக்குக் காட்டப்படும் ஹதீஸ்களின் பலவீனத்தைச் சுட்டி வாதாடினார். பெருநாள் தினத்தில் ஆயிஷா நாயகியின் வீட்டில் இரு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்ததும், அபூபக்கர் (ரழி) அதட்டியபோது நபிகளார் அவர்களை விட்டுவிடும்படி கூறியதும் புகாரியில் பதிவானது. இந்த விவாதம் ஆயிரம் வருடம் பழையது. ஒரு காலாண்டிதழில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமும் அல்ல.

என் சண்டை சத்தத்தைக் குறைப்பவர்களோடுதான். அதாவது என்னோடும் உங்களோடும்.

இந்தப் பழக்கத்தால் என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒருவன் இரவில் படம் பார்த்துவிட்டுப் பகலில் பேசாமலிருந்தால் யாருக்கு என்ன? பார்க்கப்படும் படத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. சென்னைச் சினிமா எங்கள் மௌனத்தால் ஒரு சதமும் இழக்கவில்லை. அதற்கு எங்கள் சாட்சியம் தேவையில்லை. நாம் ஒளித்துப் பார்த்தாலும் அது வாழும். ஆனால் எங்களுடைய சொந்தக் கலைகள் அப்படியல்ல. அவற்றைப் பாட ஒருவரும் கேட்கப் பலரும் ஒரே முற்றத்தில் கூடவேண்டும். சத்தத்தைக் குறைத்தால் அவை செத்துவிடும். செத்துக்கொண்டும் இருக்கின்றன.

கணக்குப் பாருங்கள். ரமழான் இரவுகளில் றபானை அடித்துப் பைத்துச் சொல்லித் தெருத்தெருவாக எழுப்பிச் சென்ற ஸஹர் பாவாக்களை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டிருப்பர்? கலியாண வீட்டில் பெண்கள் இட்ட குரவை எங்கே? பெருநாள் பின்னேரங்களில் சீனடி, சிலம்பம் ஆடிய அண்ணாவிமார், பொல்லடிக் குழுக்கள், இன்று ஏதாவது கலாசார விழாவுக்கு அமைச்சர் வரும்போது மட்டும் சீருடை போட்டுக் கொண்டுவரப்படுகின்றனர். கவி என்று நாம் சொல்லும் அந்த நாலு வரிப் பாட்டு, வட்டையில் காவல் கிடந்தவனும் வீட்டில் பன்பாய் இழைத்தவளும் பாடியது, இன்று பாடுவாரின்றிக் கிடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கவிக்குக் கருவி இல்லை. வெறும் குரல். மிகக் கடுமையான தீர்ப்பாளரும் தடுப்பது கருவியைத்தான். றபான் தஃப் வகையைச் சேர்ந்தது. பெருநாளிலும் கலியாணத்திலும் தஃப் அடிப்பதற்கு இடம் கொடுக்காத அறிஞர் குறைவு. ஆக, சட்டத்தின்படி தப்பவேண்டியவை கவியும் றபானும். போகவேண்டியது நூறு வயலினோடு வரும் சினிமாப் பாட்டு. நடந்ததோ தலைகீழ். கவி போயிற்று, சினிமாப் பாட்டு இருக்கிறது. அப்படியானால் இது மார்க்கத்தின் வேலை அல்ல என்பது விளங்கவில்லையா? கவியைப் பாடியவள் எங்கள் தெருவில் பாய் இழைத்த கிழவி. அவளை அதட்டலாம். சினிமாக்காரனை அதட்ட முடியாது. ஹராம் என்ற சொல் பலமில்லாதவர் மீது மட்டுமே இங்கே பாய்ந்தது.

என் பங்கைச் சொல்லாமல் மற்றவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. என் மூத்தம்மா கவி சொல்வா. வட்டைக்குப் போன மச்சானை நினைத்து ஏங்கும் கவி, மழையைக் கூப்பிடும் கவி, மாமியைக் குத்திக்காட்டும் கவி என்று பன் கிழித்துக்கொண்டே அடுக்குவா. மத்றசாவுக்குப் போய்வந்த என் மாமா ஒருநாள், பெண் குரல் வேலிக்கு வெளியே கேட்கக்கூடாது என்றார். அன்றோடு நிறுத்திவிட்டா. 1988இல், சவூதியிலிருந்து வந்த கெசட் செட் ஒன்றை வைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கப் பாடவைத்தேன். "இதெல்லாம் என்னத்துக்கு மகன் புடிக்கிறாய், ஆருக்கும் போட்டுக் காட்டிராத" என்றா. காட்டவில்லை. எவர் கையிலும் பட்டுவிடக்கூடாதென்று கெசட்டின் மேலே 'பயான் - 3' என்று எழுதி மற்றக் கெசட்டுகளோடு வைத்தேன்.

மூத்தம்மா மவுத்தாகி இரண்டு வருடத்தின் பின், தம்பியின் கூட்டாளிப் பொடியன் ஒருவன் பயான் கேட்க வேண்டுமென்று நான்கைந்து கெசட்டுகளை வாங்கிப் போனான். ஒரு மாதத்தில் கொண்டுவந்து தந்தான். "காக்கா, மூணாம் நம்பர்ல ஒரு கிழவி பாடிக்கிட்டிருந்திச்சி. ஆரோ பிழையா அடிச்சிட்டாங்க போல. அத அழிச்சிட்டு நல்ல பயான் ஒண்டு அடிச்சிருக்கன்" என்றான். அவன் முகத்தில் நன்மை செய்த மகிழ்ச்சி. நான் என்ன செய்தேன்? ஜஸாக்கல்லாஹ் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தப் பொடியன் மீது எனக்குக் கோபமில்லை. அட்டையில் எழுதியிருந்ததை அவன் நம்பினான். மூத்தம்மாவின் குரலை அழித்தது என் கையெழுத்து.

இனி, கிழித்த பட்டியலுக்குப் பதிலாக உண்மையான பட்டியலைத் தருகிறேன்.

நான் கண் கலங்கிய மலையாளப் படம் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'. ஸக்கரியா இயக்கியது, 2018இல் வந்தது. மலப்புறத்து உதைபந்தாட்டக் கழகமொன்றை நடத்தும் மஜீத் என்பவனின் வீட்டுக்கு, காலில் காயம்பட்ட நைஜீரிய ஆட்டக்காரன் வந்து சேர்கிறான். அவனை மஜீதின் உம்மாவும் அயல்வீட்டுக் கிழவியும் பராமரிக்கிறார்கள். மொழி தெரியாது, மார்க்கம் வேறு, நிறம் வேறு. கதை அவ்வளவுதான். அந்த இரு கிழவிகளும் தலையில் துணி போட்டுக்கொண்டு நடமாடுவதைப் பார்த்தபோது கல்முனைக்குடியின் ஏதோ ஒரு வளவைப் பார்ப்பதுபோலிருந்தது. தமிழ்ச் சினிமாவில் இத்தனை காலமும் தொப்பி போட்டவனைக் குண்டோடும் கடத்தலோடும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முஸ்லிம் வீடு ஒன்று வெறும் வீடாகத் தெரிந்தது.

மலபார் மாப்பிளமார் ஷாஃபிகள், எங்களைப் போல. கடற்கரையும் வயலும், எங்களைப் போல. சீர்திருத்த இயக்கங்களும் அங்கே இங்கு வந்ததற்கு முன்னரே வந்தன. ஆனாலும் எங்கள் பொல்லடிக்கு உறவான கோல்களியும், றபானுக்கு உறவான தஃப்முட்டும், ஒப்பனையும், மாப்பிளப்பாட்டும் கேரளத்துப் பள்ளிக்கூடக் கலோற்சவத்தில் போட்டி நிகழ்ச்சிகளாக உள்ளன. பிள்ளைகள் பயிற்சி எடுத்து மேடையேறுகிறார்கள். 1872இல் அரபு மலையாளத்தில் 'பதருல் முனீர் ஹுஸ்னுல் ஜமால்' என்ற காதற் காவியத்தைப் பாடிய மோயின்குட்டி வைத்தியருக்குக் கொண்டோட்டியில் நினைவு நிலையம் இருக்கிறது. காதற் காவியம், கவனியுங்கள். அவர்கள் அதை 'பயான்' என்று பெயரெழுதி ஒளிக்கவில்லை. பாட்டைப் பேணிய சமூகத்திலிருந்து ஐந்தாறு தலைமுறைக்குப் பின் ஒரு ஸக்கரியா வருகிறான். நமக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது படம் பழையது. மீண்டும் பார்த்தேன். பிரசன்ன விதானகேயின் 'இர மெதியம', 2003. அதில் வரும் மூன்று கதைகளில் ஒன்று, 1990இல் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பத்தினுடையது. தன் நாயை விட்டுப் பிரிய மாட்டாத அரபாத் என்ற சிறுவன் அதன் மையம். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட எங்கள் சனம் உடுத்த துணியோடு வெளியேறிய துயரைத் திரையில் சொன்னவர் ஒரு சிங்களவர். அவருக்கு நன்றி. நமக்கோ மானம் போகவேண்டும். காத்தான்குடிப் பள்ளிவாயலும் ஏறாவூரும் இரத்தத்தில் மிதந்த 1990 ஆகஸ்ட்டைப் பற்றி ஊருக்கொரு துஆப் பிரார்த்தனை வருடாவருடம் நடக்கிறது. நெஞ்சில் நிற்கும் ஒரு முழுநீளத் திரைப்படத்தை நாம் எடுக்கவில்லை. உருவம் கூடாது என்று ஒருவர் காரணம் சொன்னார். அவர் வீட்டில் மூன்று டீவி உண்டு. மௌலவிகள் ஆளும் ஈரானில்தான் 1997இல் மஜீத் மஜீதி, ஒரு சோடிச் சப்பாத்தைப் பங்குபோட்டுப் பள்ளிக்கூடம் போகும் அண்ணன் தங்கை கதையை எடுத்தார். அதை உலகமே பார்த்தது.

நூல்களில் முதலாவது, சாய்ந்தமருதின் கவிஞர் அனார் தொகுத்த 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்'. கிழக்கின் நாட்டார் பாடல்கள். க்ரியா 2013இல் வெளியிட்டது. இதற்கு முன்னர் நிந்தவூர் சட்டத்தரணி எஸ்.முத்துமீரான் ஊரூராய் அலைந்து எங்கள் கவிகளைத் திரட்டி நூலாக்கியிருக்கிறார். இவ்விருவரின் உழைப்பும் இல்லாவிட்டால் எமக்குக் கையில் ஒன்றுமில்லை. அனாரின் தொகுப்பைப் படித்தபோது நான் தேடியது ஒன்றைத்தான். மூத்தம்மா சொன்ன கவி ஏதாவது அதில் இருக்கிறதா என்று. அவவின் சாயலில் பல இருந்தன. ஆனால் ஏட்டில் குரல் இல்லை. கவியை இழுத்துச் சொல்லும் அந்த இழுவையை எந்த அச்சகமும் கோக்க முடியாது.

அடுத்தது சோலைக்கிளியின் 'எட்டாவது நரகம்'. 1988இல் வந்தது. நரகத்துக்கு ஏழு வாசல் என்று ஓதி வளர்ந்த ஊரில் எட்டாவதைப் பற்றி எழுத ஒரு தைரியம் வேண்டும். வாசித்தால் அந்த எட்டாவது எங்கே இருக்கிறதென்பது விளங்கும். யாழ் நூலகம் 1981இல் எரிந்தபோது எம்.ஏ.நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை'யை உலகின் எந்தத் தமிழரிடமும் சொல்லலாம். அதை எழுதியவர் பிறந்த கல்முனைக்குடியில் நம்மிற் பலர் இவர்களைப் 'பெரிய கவிஞர்' என்று மேடையில் பொன்னாடை போர்த்துவோம். புத்தகத்தைத் திறப்பதில்லை. பிடித்ததை மறைப்போம், படிக்காததைப் புகழ்வோம். இரண்டும் ஒரே நாணயம்.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் இவ்வாறான ரசனைப் பட்டியல் எழுதுபவர்கள் தாம் சுவைத்த மதுவகைகளையும் சேர்ப்பார்களாம். எனக்கு அந்த அனுபவம் இல்லை, வேண்டவும் வேண்டாம். அதில் ஹராம் என்ற தீர்ப்பில் கருத்து வேறுபாடே கிடையாது. ஆனால் உமர் கையாமின் கிண்ணத்தில் குடித்திருக்கிறேன். தேசிகவிநாயகம் பிள்ளை தமிழில் ஊற்றித் தந்தது ஒன்று. காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை தந்தது இன்னொன்று. ஆம், காத்தான்குடிதான். இக்பாலைத் தமிழாக்கிய அதே கை கையாமையும் தமிழாக்கியது. அக்காலத்து வாசகன் கவிதையிலுள்ள மதுவையும் போத்தலிலுள்ள மதுவையும் பிரித்தறிந்தான். குணங்குடி மஸ்தான் சாகிபைப் பாடிய சமூகத்துக்கு அது யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்று அந்த நூலை மறுபதிப்புச் செய்ய யார் முன்வருவார்? முன்வந்தாலும் அட்டையில் என்ன பெயர் போடுவார்?

இசையில் நாகூர் ஹனிஃபாவை மட்டும் பழைய பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அது பொய்யல்ல. 2015இல் அவர் மறைந்த இரவு எங்கள் தெருவில் எத்தனையோ தொலைபேசிகளில் அவர் குரல் கேட்டது. சத்தம் குறையாமலே கேட்டது. கூடவே நுஸ்ரத் ஃபதே அலி கானையும் சேர்க்கிறேன். அவரை இரவில் மட்டும்தான் கேட்கிறேன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

இது வெறும் ரசனை விவகாரம் என்று நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. ஐந்து நாளில் சாய்ந்தமருதில் வீடொன்று வெடித்துச் சிறு குழந்தைகளும் மாண்டார்கள். அதன் பின்வந்த சோதனை நாட்களில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு புத்தகம் எரிந்தது. எது குற்றம், எது இல்லை என்று தெரியாமல் அறபு எழுத்து உள்ளதையெல்லாம் எரித்தார்கள். நானும் எரித்தேன். 2020 மே மாதம் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், 2017இல் தான் வெளியிட்ட 'நவரசம்' என்ற கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகள் கொண்ட நூல் அது. தமிழ் தெரியாதவர்கள் அதைத் தீவிரவாதம் என்றார்கள். தமிழ் தெரிந்த நாம் என்ன சொன்னோம்? 'நாங்கள் படித்திருக்கிறோம், அதில் அப்படி ஒன்றுமில்லை' என்று எழுந்து நின்று சொல்ல, முதலில் நாம் அதைப் படித்திருக்கவேண்டும். படித்ததைச் சொல்லியும் பழகியிருக்கவேண்டும். நான் படித்திருக்கவில்லை. குரல் கொடுத்த சிலருக்கு என் ஸலாம். நான் அவர்களில் ஒருவனல்லன்.

ஒரு பக்கம் கவியை ஹராம் என்பவன், மறுபக்கம் கவிதையைப் பயங்கரவாதம் என்பவன். இருவருக்கும் நடுவில் நாம் காதில் செருகியோடு உட்கார்ந்திருக்கிறோம். நமது ரசனைக்கு நாமே சாட்சி சொல்லாவிட்டால் யார் சொல்வார்?

பெரிய காரியம் ஒன்றும் கேட்கவில்லை. கலியாண வீட்டில், பள்ளி முற்றத்தில், கடையடியில் அடுத்த முறை ஒருவர் "என்ன சேர், இப்ப என்ன படிக்கிறீங்க, என்ன பாக்கிறீங்க" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அவருக்கும் ஆறுதலாயிருக்கும். உங்கள் வீட்டில் இன்னும் கவி தெரிந்த மூத்தம்மா ஒருவர் மிஞ்சியிருந்தால், தொலைபேசி உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இரண்டு மணித்தியாலம் உட்காருங்கள். கதவைச் சாத்த வேண்டாம்.

பதிவுக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் கவனம். கவி என்றே எழுதுங்கள். பாடியவரின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள்.